பூண்டு வாசனைக் காளான்

தாவரக் காட்சியகத்தின் மாடி அறையில் காளான்களைப் படம் வரைவது அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் பென்சிலக்கா. மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், முகம் சவரம் செய்துகொண்டிருந்த கணவர் குளியலறையில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. காரியங்கள் முடிந்ததும் வேலைக்கு வந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். வீட்டில் அடுப்பை மட்டும் பற்றவைக்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் தினமும் சாயங்காலம் கேரியரோடு வந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

அன்று காட்டிலிருந்து வந்த பெட்டியில், மக்கிய இலைகளோடு ஒட்டிய சிறு காளான்கள் இருந்தன. குடை சட்டைப் பொத்தான் அளவுதான், வெளிர் பழுப்பு. தண்டு கறுப்பு, தலைமுடிபோல மெலிசு, வளைத்தாலும் ஒடியவில்லை. அவள் வரைய உட்காருவதற்குள் குடைகள் சுருங்கிப்போயின.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "வீணாப்போச்சா?"

"இல்ல சார். காஞ்சா சுருண்டுக்கும். தண்ணி பட்டா விரிஞ்சுக்கும்."

தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் விரிந்தன. வரைந்து முடித்தபின் வாசனையையும் குறிக்க வேண்டும். ஒன்றை விரலால் நசுக்கி மோந்தாள். பச்சைப் பூண்டேதான். படத்துக்குக் கீழே எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சாயங்காலம் கேரியரை வாங்க நீட்டிய கையை நாத்தனார் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி! பூண்டு உரிச்சீங்களா?" நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. "அடுப்புப் பக்கம் போனீங்களா?"

காளான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

"என்ன செஞ்சீங்க?"

"இன்னும் செய்யல. இனிமேதான்."

"அப்ப எனக்கும் இங்கதான் சாப்பாடு. கேரியர்ல இருக்கிறத என் வீட்டுக்காரர் தின்னு தீர்க்கட்டும். முட்டை இருக்கா?"

"இல்ல."

அடுத்த வார்த்தைக்குக் காத்திராமலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள் நாத்தனார்.

இனித் தப்ப வழியில்லை. கூடையில் கிடந்த பழைய பூண்டு முளைவிட்டிருந்தது. முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு, பல்லை நசுக்கி எண்ணெயில் போட்டாள். முட்டை வந்ததும் உடைத்து ஊற்றினாள். கை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் செய்தது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கடையிலிருந்து முட்டையோடு வந்த ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

"உப்பு தூக்கலா இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார், வாய் நிறைய முட்டையோடு.

"அப்படியா?"

அவளுக்குத் தெரியவில்லை. தட்டில் இருந்ததைத் தின்று முடித்தாள்.

வாசலில் நின்று நாத்தனார் சொன்னாள்: "நாளைக்கு வெறுங்கையோடதான் வருவேன், சொல்லிட்டேன்."

"வா," என்றாள் அவள்.