மீரான் அண்ணாச்சியின் லீக் தோற்கவில்லை

மீரான் அண்ணாச்சி இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வந்தது. பாவூர்சத்திரத்தில் தங்கை வீட்டில் விஷசுரத்தில் படுத்திருந்தவர் விடியற்காலையில் போய்விட்டாராம். அப்பா ரசத்துக்குச் சோற்றில் குழி செய்துகொண்டே, "அடக்கம் ஆயிட்டா?" என்று கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம இரங்கல் கூட்டம் வச்சிருவோம். லீக் தலைவருங்கிற முறையில நாமதான் பேசணும். நல்ல மனுசன், ஆனா அவன் போட்ட திட்டம் ஓடலன்னு நாலு வார்த்த சொல்லிருவோம்" என்றார். மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கால்பந்து லீக்கில் ஆடிய எட்டு அணிக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். அப்பா இருமினால் கை நின்றுவிடுகிறது.

தென்காசியில் தையல் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் லீக்கின் காரியதரிசி. உங்கள் சட்டைகளைத் தைத்ததும் அவர்தான். பணக்காரர் ஆதரவு உள்ள அணிக்கு வருஷந்தோறும் புதுச்சட்டை. வாசுதேவநல்லூர் அணி பழைய சட்டையையே ஒட்டுப்போடக் கொண்டுவரும். "பெரிய மனுசன் வாங்கித் தந்த பந்துன்னா, அவரு மொகம் கோணுன அன்னைக்கு ஆட்டமும் நின்னுபோகும்" என்பார் அண்ணாச்சி.

எனக்குப் பாவாடைக்கு அளவெடுக்க வந்த அன்று, கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று அவருடைய புதுத் திட்டத்தை எட்டுப் பிரதி எழுதச் சொன்னார். மேல்வரிசையில் நான்கு அணி, கீழ்வரிசையில் நான்கு. மேலே கடைசியாக வருகிறவர் கீழே இறங்க வேண்டும்; கீழே முதலாவது வருகிறவர் மேலே ஏறலாம். மைதானத்தைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி, ஓரணாச் சீட்டு. வசூல் எட்டு அணிக்கும் சமபங்கு.

"ஜெயிக்கவனுக்கும் தோக்கவனுக்கும் ஒரே பங்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏட்டி, தோக்கதுக்கு ஆளு இல்லன்னா ஜெயிக்கவன் யாரு கூட ஆடுவான்? செவுத்து கூடயா?"

"எங்க அப்பா டீம் கடைசியா வந்தா?"

"எறங்கத்தான் வேணும். மறுவருசம் ஏறிக்கிடட்டும்."

திட்டம் ஓடியது. அறுவடை முடிந்த எங்கள் வயலில்தான் ஆட்டம் நடந்தது, நீங்களே பார்த்தீர்கள். கடைசி ஆட்டம் எங்கள் அணிக்கும் இலஞ்சிக்கும். தோற்கிறவர் கீழே இறங்க வேண்டும். சீட்டெல்லாம் முந்தின நாளே விற்றுத் தீர்ந்தது.

அன்று சாயங்காலம் அப்பா பண்ணையாளிடம், "காலைல நல்லேர். எல்லா ஏரும் எறங்கட்டும்" என்று சொன்னதைக் கேட்டேன். சற்று நேரத்தில் அண்ணாச்சி எங்கள் அணிக்குத் தைத்த சட்டைகளோடு வந்தார். "ஏட்டி கோமதி, நாளைக்கு மழ கிழ வந்துராதே?" என்று சிரித்தார். "வராது அண்ணாச்சி" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சித்திரையில் நாள் பார்த்து முதல் உழவு உழுவதுதான் நல்லேர். பெயருக்கு மூன்று சுற்று சுற்றினால் போதும். அன்று பன்னிரண்டு ஏர் இறங்கின. கோல் கம்பங்களைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு வயல் முழுவதையும் புரட்டினார்கள். தட்டி ஏற்றிய வண்டியோடு வந்த அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சாமி காரியம், மீரான். தள்ளிப்போட முடியுமா?" என்றார் அப்பா.

"சாமி காரியத்துல நான் என்ன சொல்லதுக்கு இருக்கு, மொதலாளி" என்றார்.

பள்ளிவாசலுக்குப் போகிறவர் வேறென்ன சொல்ல முடியும்? அது தெரிந்துதான் அப்பா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்.

அண்ணாச்சி எல்லோருக்கும் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தட்டிக்கும் வண்டிக்கும் ஆன செலவுக்காகத் தையல் மிஷினை விற்றார். கடை போயிற்று, லீக்கும் போயிற்று. எங்கள் அணி மட்டும் இன்றுவரை மேல்வரிசையில் இருக்கிறது.

கடைசிவரை அவர் அப்பாவைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொல்லவில்லையாம். அந்தப் பொறுமையை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அவருடைய திட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்; எட்டு முறை எழுதியதால் மனப்பாடமாகிவிட்டது.

இலஞ்சி அணித் தலைவரின் தங்கை என் வகுப்பில் படிக்கிறாள். காலையில் இதை அவளிடம் கொடுப்பேன். கூட்டத்தில் அப்பா மாலை போட்டுவிட்டு, திட்டம் ஓடவில்லை என்று சொல்வார். உங்களில் ஒருவராவது எழுந்து, வயலை உழச் சொன்னது யார் என்று கேளுங்கள். யார் சொல்லித் தெரியும் என்று அவர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கோமதி,
லீக் தலைவரின் மகள்.