ஜேசிபியில் வந்த மாப்பிள்ளையும் ஜங்ஷனில் நின்ற மாமியும்

தேவகனி போலீஸில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனை வருஷத்தில் அவள் டூட்டி பார்ப்பதை அவளைக் கட்டிய சத்தியராஜ் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. நம்புவதற்குக் கஷ்டம்தான். ஆனால் அவன் மஸ்கட்டில் அல்லவா கிடந்தான்! ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவான். அவன் வருகிற நாளைப் பார்த்து அவளும் லீவு போட்டுவிடுவாள். அதனால் அவன் கண்ட தேவகனி, நைட்டியும் தோளில் துண்டுமாக மரச்சீனிக் கிழங்கு அவிக்கிறவள். படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி கோரிக் கொடுத்தவள். அவன் ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேசாதவள். அவ்வளவுதான்.

சிதறால் பக்கம் ரப்பர் பால் வெட்டிய பொன்னையனின் கடைக்குட்டி அவள். மூத்தது நாலும் ஆண். நாலு பேருக்கும் கிடைக்காத சர்க்கார் வேலை இவளுக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் உரக்கப் பேசி ஊர் கேட்டதில்லை. பொன்னையனுக்குக் கோபம் வந்தால் பேச்சு இன்னும் தாழ்ந்துபோகும். எதிரே நிற்கிறவன்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும்.

சத்தியராஜ் மஸ்கட் வேலையைக் கணக்கு முடித்து ஊர் திரும்பிய வருஷம் அவன் தங்கை லீலாபாயின் மகன் ஷிஜினுக்குக் கல்யாணம் வந்தது. லீலாபாய் இளம் வயதில் தாலியறுத்தவள். அந்தப் பையனுக்கு அப்பனும் மாமனும் சத்தியராஜ்தான். ஆகவே ஒரு குறையும் வரக்கூடாது என்று நின்றான். இப்போது நம் பக்கத்துக் கல்யாணம் எப்படியென்று தெரியுமே. மாப்பிள்ளை காரில் போனால் கூட்டுக்காரன்மாருக்குப் போதாது. ஜேசிபியின் மண்வாரும் பக்கெட்டில் நாற்காலி போட்டு அவனை உட்கார்த்த வேண்டும். முன்னால் சிங்காரி மேளம் வேண்டும். வெடி வேண்டும், கலர்த்தாள் சிதறுகிற காகித வெடியும் வேண்டும். ரோட்டை மறித்து ஆடவும் வேண்டும். குழித்துறையில் ஆஸ்பத்திரியும் சந்தையும் அடுத்தடுத்து இருக்கிற ரோட்டில் இதெல்லாம் கூடாதென்று போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டு ஒரு பக்கம் நிற்கும், ஆட்டம் மறு பக்கம் நடக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் சத்தியராஜ் கேட்டான். "நாளைக்கு ஜங்ஷன்ல நீதானா டூட்டி?"

"நான்தான். லீவு கேட்டேன், தரல்ல. ஆளு மாறினதும் நேரா கல்யாணத்துக்கு வந்திருவேன்."

"அப்பம் பயமில்ல."

தேவகனி அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஜினிஷா அப்பா, ரோட்டுல வெடியும் கூத்தும் வேண்டாம், கேட்டீளா. வந்தா நான் விடமாட்டேன்."

அவன் சிரித்தான். இவள் விடமாட்டாளாம்! மீன் குழம்பில் உப்பு கூடிப்போனாலே கண் கலங்குகிறவள். மறுநாள் காலையில் பையன்களிடம் போய், "ஏலே, ஜங்ஷன்ல நிக்கியது நம்ம ஆளாக்கும். சாடி ஆடுங்கலே!" என்று சொல்லிவிட்டான். சும்மாவே ஆடுகிறவன்களுக்குச் சலங்கை கட்டிவிட்ட கதைதான்.

பாலம் கடந்து ஊர்வலம் ஜங்ஷனுக்கு வந்தபோது பின்னால் பஸ்களும் லாரிகளும் வால்போல நீண்டுகிடந்தன. உச்சியில் கோட்டும் சூட்டுமாக ஷிஜின். கீழே மேளம். அவன் கூட்டுக்காரன் டெனிஷ் தலைகீழாக நின்று ஆடினான். ஆஸ்பத்திரி மதிலோரம் ஒரு சர வெடி. பிளாஸ்டிக் சாமான் கடை சுயம்புலிங்கம் வாசலுக்கு வந்து கைகட்டி நின்றார். போன மாசம்தான் கடைக்கு வெளியே ஸ்பீக்கர் வைத்து அலறவிட்டதற்கு தேவகனி அவர்மேல் கேஸ் எழுதியிருந்தாள்.

"இன்னா வருதுடே, ஏட்டம்மாக்க வீட்டுக் கல்யாணம்!" என்றார் அக்கம்பக்கம் கேட்க. "நமக்குன்னா சட்டம். மாப்பிளைக்கு என்னதுன்னு இப்பம் பாப்போம்."

அது ஊர்வலத்தோடு வந்த சத்தியராஜ் காதிலும் விழுந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, தான் அவளை எங்கே கொண்டு நிறுத்திவிட்டோமென்று. இதை விட்டால் நாளை முதல் இந்த ஜங்ஷனில் அவள் கைக்கு ஒரு சைக்கிள்கூட நிற்காது. பிடித்தாலோ, லீலாபாய் இனி அவர்கள் வீட்டு நடை ஏறமாட்டாள். திரும்பிப் போகலாமென்றால் பின்னால் வழியில்லை.

தேவகனி நடந்து வந்தாள். விசில் ஊதவில்லை, லத்தியை எடுக்கவில்லை. ஜேசிபிக்கு நேர் முன்னால் நின்று உள்ளங்கையைக் காட்டினாள்.

"வண்டிய அணை."

ஓட்டுகிற விபின் சத்தியராஜைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அணைத்துவிட்டான். மேளக்காரர்கள் விடவில்லை. அவள் முன்வரிசையில் ஒருவனை வெறுமனே பார்த்தாள். அவன் கோல் தாழ்ந்தது. அடுத்தவனுக்கும் தாழ்ந்தது. மேளம் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஒரு இலத்தாளம் மட்டும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வெட்கப்பட்டு நின்றது. அத்தனை பெரிய ஜங்ஷனில், ஆஸ்பத்திரி மதிலுக்குள்ளே ஒரு பிள்ளை அழுவது கேட்டது.

"மாமி!" என்றான் ஷிஜின் உச்சியிலிருந்து. "ஒரு நாளுதானே மாமி. நான் உங்க ஷிஜினாக்கும்!"

"தெரியும் மக்கா. பக்கெட்ட எறக்கச் சொல்லு. விழுந்து கைகாலு போச்சுன்னா பெண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஆரு பதில் பறயது?"

பக்கெட் இறங்கியது. உள்ளே மாப்பிள்ளை, கூடையிலிருக்கிற கோழியைப்போல விழித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள்.

"இது ஆரு ஏற்பாடு?"

டெனிஷ் ரோட்டில் சிதறிக்கிடந்த கலர்த்தாளைக் காலால் கிளறினான். "மாமாதான்... நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு..."

"மாமான்னா ஆரு? முன்ன வரச் சொல்லு."

சத்தியராஜ் முன்னால் போனான். கால் தன்னால் போயிற்று.

"பேரு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பகை இல்லை, பரிச்சயமும் இல்லை. சந்தைக்கு வந்த யாரோ ஒருவனைப் பார்க்கிற முகம். "சத்தியராஜ்."

"அப்பா பேரு?"

"நேசையன்."

எழுதினாள். எழுதியதை அவன் கேட்க வாசித்தாள். "நேசையன் மகன் சத்தியராஜ். அனுமதியில்லாம ஊர்வலம், வெடி, ரோடு மறிச்சது. பெட்டிக் கேஸ். கோர்ட்டுல வந்து ஃபைன் கெட்டணும்."

கட்டிய நாளிலிருந்து அவனை 'இஞ்சேருங்க' என்றும், பிள்ளை பிறந்தபின் 'ஜினிஷா அப்பா' என்றுமே கூப்பிட்டவள். மாமனார் பேரை அவர் சாவுச் சீட்டு வாங்கப் போன இடத்தில்கூட வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டியவள். அந்த ரெண்டு பெயரும் இப்போது நடுரோட்டில், அந்தத் தாழ்ந்த குரலில், தெளிவாக வந்தன. கோபம் வருமென்று சத்தியராஜ் காத்திருந்தான். வரவில்லை. மஸ்கட்டில் சட்டம் அவன் காணாததா? பின்னாலிருந்து கேமரா மின்னும், போனுக்குத் தகவல் வரும், ஆள் நடுங்குவான். ஆனால் கேமராவுக்கு நாத்தனார் இல்லை. நாளைக்குப் போய்ச் சோறு பொங்குகிற வீடில்லை. இவளுக்கு எல்லாம் உண்டு. அத்தனையும் முதுகில் வைத்துக்கொண்டு இவள் நிமிர்ந்து நிற்கிறாளே!

சுயம்புலிங்கம் கட்டிய கையை அவிழ்த்தார். கடைக்குள் போய் நாலைந்து புதுத் துறப்பைகளோடு வந்து டெனிஷ் கையில் கொடுத்தார். "தாளப் பெருக்குங்க மக்கா. துறப்ப சும்மாதான் தாறேன், திருப்பித் தந்தாப் போதும்." சிரித்தார்தான், ஆனால் கேலியாக இல்லை.

ஜேசிபியை ஓரம்கட்டச் செய்துவிட்டு தேவகனி ரோட்டின் நடுவில் போய் நின்றாள். ரெண்டு கையையும் நீட்டினாள். இந்தப் பக்கம் நாகர்கோவில் பஸ், அந்தப் பக்கம் திருவனந்தபுரம் பஸ், ரெண்டும் இருந்த இடத்தில் நின்றன. "நடந்து கடந்து போ மக்கா. நேரமாச்சு, சர்ச்சுல ஐயர் காத்திருப்பாரு." ஷிஜின் ஒரு பள்ளிக்கூடப் பையனைப்போல் குனிந்தபடி கடந்து போனான்.

செய்தி அவனுக்கு முன்னே போய்விட்டது. ஆராதனை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் லீலாபாய் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "எனக்க மவன நடுரோட்டுல நாணங்கெடுத்திட்டா. அவ இஞ்ச வந்தா நான் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன். நீயும் அவளுக்கக் கூட நின்னா, எனக்கு அண்ணனே இல்ல, பாத்துக்க."

சத்தியராஜ் போய் முன்வரிசையில், சொந்தக்காரர் நடுவில் உட்கார்ந்தான்.

தேவகனி வந்தாள். உடுப்பு மாற்ற நேரமில்லை. காக்கி வியர்வையில் ஒட்டியிருந்தது, தொப்பி கக்கத்தில். யாரும் வாவென்று சொல்லவில்லை. அவள் வாசல் நடையில் தயங்கி நின்றாள். ஜங்ஷனில் தயங்காதவள் இங்கே தயங்கினாள்.

சத்தியராஜ் எழுந்து நின்றான். எழும்பவேண்டுமென்று நினைத்து எழும்பியதல்ல. பெரியவர் ஒருவர் உள்ளே வரும்போது உடம்பு தன்னால் எழும்புமே, அப்படி. பெண்டாட்டிக்கு எழுந்து நிற்கிற ஆணை அந்தக் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. லீலாபாய் அண்ணன் முகத்தையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேவகனி அந்த நாற்காலிக்கு நடந்துவந்தபோது அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"என்னத்துக்கு நிக்கியீங்க? இருங்க, ஆளுவ பாக்கிது" என்றாள் அவள், கூச்சத்தோடு.