தாய்மாமன் சீரும் முடங்கிய பாஸ்போர்ட்டும்

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதம். சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஆள் உயர ஃபிளெக்ஸ் பேனர். என் நாத்தனார் மகளுக்குக் காதணி விழா. 'தாய்மாமன் சீர்' என்ற எழுத்துக்குக் கீழே கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர் என் கணவர்.

எனக்குத் தெரிந்து அவர் குவைத்தில் இருந்தார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது போனவர், கொஞ்ச நாளில் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தரச் சொல்லி கோர்ட் தீர்ப்பு இருந்தும் ஒரு பைசா வரவில்லை. ஆள் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது என்று வக்கீலம்மாவும் கையை விரித்துவிட்டார்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? அதற்காக விமானம் ஏறி வந்திருக்கிறார். மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் வைத்தாராம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பேனரைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். நேராகக் கொண்டுபோய்க் காட்டினேன். வக்கீலம்மா உடனே மனு போட்டார். பாக்கியைக் கட்டும்வரை பாஸ்போர்ட்டை முடக்கிவைக்க உத்தரவானது. லீவு முடிந்து கிளம்பியவரை சென்னை விமான நிலையத்திலேயே பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாத்தனார் போன் செய்தார். "நாலு காசு சம்பாரிச்சிக்கினு இருந்த ஆளை வூட்ல குந்த வெச்சிட்டியே, இனிமே இன்னாத்த வெச்சி உனக்குக் குடுப்பாரு?"

"வேலையில இருந்தப்ப மட்டும் குடுத்தாருங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. ராத்திரி சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள். "அப்பா இனிமே பிளேன் ஏற முடியாதாம்மா? அப்ப நம்ம வூட்டுக்கு வந்துடுவாருல்ல?"

அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

குவைத் வேலை போய்விட்டதால் அவர் கரும்பு டிராக்டர் ஓட்ட ஆரம்பித்தார். ஆலைக்குப் போகிற லோடெல்லாம் வடக்கனந்தலில் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகும். யார் சொன்னார்களோ, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் அங்கே போய் நிற்கத் தொடங்கினாள். நான் திட்டியும் கேட்கவில்லை. ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனபோதுதான் பார்த்தேன். டிராக்டர் வந்தது. என் போனில் இருந்த பேனர் படத்தை வைத்து அவளுக்கு அந்த முகம் தெரியும். "அப்பா" என்று கையை ஆட்டினாள். அவர் பார்த்தார், வண்டியின் வேகம்கூடக் குறைந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார். அவள் ஆட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அழவில்லை. அதற்கப்புறம் அங்கே போய் நிற்கவும் இல்லை.

ஒரு வருடம் பொறுத்து, நிலத்தை அடமானம் வைத்துப் பாக்கியைக் கட்டினார். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் திரும்பவும் கிளம்பிவிட்டார். பயந்துகொண்டாவது இப்போது மாதாமாதம் பணம் அனுப்புகிறார், மகளின் படிப்பு தடையில்லாமல் போகிறது. கேட்டது தப்பு என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன். ஆனால் 'அப்பா தூரத்தில் இருக்கிறார், அதனால்தான் வர முடியவில்லை' என்று அதுவரை என் மகளுக்குச் சொல்லிவந்த ஒரே சமாதானத்தை அந்த உத்தரவு பறித்துக்கொண்டதே, அதை அவளுக்கு யார் திருப்பித் தருவது?