துண்டம் எனக்கு, சாறு அவருக்கு

யுத்த காலத்தில் திருவனந்தபுரத்தில் அரிசிக்குத்தான் பஞ்சம், மீனுக்கு இல்லை. விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து மீன் கூடைக்காரி காலையில் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுவாள். மரச்சீனிக் கிழங்கும் சாளை, நெத்தோலி மீன் குழம்பும்தான் எங்களுக்குச் சாப்பாடு. என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, உடம்பு தகுதி என்று எழுதினால்தான் ஆகும்.

அந்த நிலையில் ஒருநாள் அவருடைய வலதுகால் பெருவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே அலறினார். மீனில் உள்ள ஏதோ ஒன்று ரத்தத்தில் யூரிக் ஆசிட்டாகி மூட்டில் போய்த் தங்குகிறது என்றார் டாக்டர். “சாளையும் நெத்தோலியும் கண்ணிலயே காட்டண்டா.”

கால் போன டிரில் மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? அன்றிலிருந்து அவர் தட்டில் ஒரு மீன் துண்டம்கூட விழவிடவில்லை. ஆனால் வெறும் மரச்சீனியை மனிதர் எப்படி விழுங்குவார்? எங்கள் ஆட்களுக்கு மீன் என்றால் துண்டம்தான். சாற்றை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. காய்ச்சல்காரருக்குக்கூட முள் பயமில்லாமல் சாற்றைத்தானே கொடுப்போம்? ஆகவே துண்டங்களை நான் தின்றேன், சாற்றை அவருக்கு ஊற்றினேன். அவரை வைத்துக்கொண்டு தின்ன வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகவே மீன் தலைகளையும் போட்டு, சாற்றை நன்றாக வற்றவைத்துக் கொடுத்தேன்.

வீக்கம் வடியும், மறுபடி வரும். கத்தரிக்காயை நிறுத்தினேன். கடுங்காப்பியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். எட்டு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. சனிக்கிழமை விரல் பழுத்த தக்காளியாக நின்றது. நான் மட்டும் டாக்டரிடம் ஓடினேன்.

“மீன் கொடுத்தியளா?”

“சத்தியமாட்டு ஒரு துண்டம் கொடுக்கல்ல டாக்டரே. சாறு மட்டும்தான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, மீன் வேகும்போ ஆசிட்டாகுத அந்தச் சாதனம் தண்ணியிலல்லா எறங்கும். வத்தவச்ச சாறு துண்டத்தவிட கேடு.”

மருந்துச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “போட்டும், அழாத. சாறு நல்ல ருசியாட்டுதான் இருந்துது” என்றார்.

திங்கட்கிழமை கான்வாஸ் ஷூவின் முனையை வெட்டி, அதற்குள் காலை நுழைத்துக்கொண்டு போனார். மூட்டுவாதம் என்று தெரிந்தால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். சாயங்காலம் வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குதிரைவண்டியில் வந்து இறங்கினார்.

“ஷூவப் பாத்து கேட்டாரா?”

“கேட்டார். கல்லு தட்டினதுன்னு சொன்னேன். அப்போ கிரவுண்டை ஒரு சுத்து ஓடிக் காட்டும்னார்.”

“ஓடினியளா?”

“பின்னே?”

வேலை நிரந்தரமானது. உத்தரவு வந்த ஞாயிறு, சபையிலுள்ள பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் ஜெபம்தான் அவரைத் தாங்கியது என்றார்கள். அந்த ஒரு சுற்றை அந்தக் காலோடு அவரை ஓடவைத்தவள் நான்தான் என்று யாரிடமும் சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.