ஒரு சாண் குறைவு

கல்முனையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி, பள்ளிவாசலடியில் இறங்கி, "அளவுக் காக்கா வீடு எது?" என்று கேளுங்கள். மீன் விற்கிறவரோ ஓட்டோக்காரரோ, யாரானாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். முகம்மது தம்பி என்ற அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். அளவுக் காக்கா என்ற பெயரை ஊர் முதலில் கேலிக்குத்தான் வைத்தது. "காக்கா, கடல் எத்தன முழம்? எனக்கொரு சட்டைக்குக் காணுமா?" என்று சந்தியில் நின்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

உண்மையில் அவர் அளந்தது கடலை இல்லை, கரையை. அதற்கு முன் இருபத்தாறு வருடம் கரைவலை இழுத்தவர். தெற்கே துறைமுகம் கட்டுகிறோம் என்று கடலுக்குள் கல்லைக் கொட்டி அணை நீட்டினார்கள். வடக்கே ஓடிவந்து எங்கள் கரையில் சேர வேண்டிய மணலை அந்த அணை மறித்துவிட்டது. மணல் வரவில்லை, கடல்தான் வந்தது. நின்று வலை இழுக்க இடமில்லாமல் தோணிகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கரையில்லாத கரைவலைக்காரன் வீட்டில் குந்திக்கொண்டு முகட்டைப் பார்க்க வேண்டியதுதான். அப்படி அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், மாதத்துக்கு ஒருமுறை கரையை அளந்து எழுத உள்ளூர் ஆள் வேண்டுமென்று கரையோரத்தைக் கவனிக்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து தேடி வந்தார்கள்.

வந்தவர் ஸப்னா என்ற பொறியியலாளர், அட்டாளைச்சேனைப் பெண்பிள்ளை. ஊரில் ஐந்து இடத்தில் கொங்கிறீற் கட்டை நட்டு, ஒவ்வொரு கட்டையிலிருந்தும் தண்ணீர் ஏறி நின்ற கோடு வரை நாடா பிடிக்கக் காட்டிக் கொடுத்தார். கடைசிக் கட்டை, இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் கடற்பக்க மதிலோரம் நின்றது.

"ஒரு இலக்கம் பிழைச்சாலும் முழுக் கணக்கும் பிழைக்கும் காக்கா. பொருத்தமில்லாத இடத்தில கல்லணை போட்டுட்டா, கல் முடியிற இடத்தில இரிந்து பக்கத்துக் கரையக் கடல் தின்னத் தொடங்கிரும்" என்றார் ஸப்னா.

எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் ஏழாம் திகதி காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். சிப்பியும் பாசியும் ஒதுங்கிய கோட்டைத் தேடி நாடாவை இழுத்துப் பிடிப்பார். மூன்று தரம் அளப்பார். மூன்றும் ஒத்துவராவிட்டால் நாலாம் தரமும் அளப்பார். கரையில் நிற்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

மையவாடிக்குள், இரண்டாம் வரிசையில், அவருடைய ஒரே மகள் சிபானா அடங்கியிருந்தாள். 2017ஆம் ஆண்டு டெங்கு வீடு வீடாகப் புகுந்தபோது ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அவளைப் பெற்ற ஹவ்வா உம்மா மகள் அடங்கிய அந்தக் கபுறை ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கமில்லை. மகளை வைத்த சந்தூக்கை ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனதுதான் தாய் கடைசியாகக் கண்டது. அதற்குப் பிறகு மகளைப் பற்றி அந்த உம்மாவுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கணவர் வாயால் வந்த இலக்கம்தான்.

"இஞ்சே, புள்ளைக்கும் கடலுக்கும் எவ்வளவு?"

"நாப்பத்தொண்டு மீற்றர்."

மீற்றர் என்றால் எவ்வளவு என்று ஹவ்வா உம்மாவுக்கு விளங்கவில்லை. முகம்மது தம்பி முற்றத்தில் நாடாவை விரித்துக் காட்டினார். கிணற்றடியில் தொடங்கி, படலையைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டு மதிலில் போய் முட்டியது. இரண்டு வருடத்தில் அந்தத் தூரம் ரோட்டுக்கு இப்பால் வந்துவிட்டது. உடுப்புக் காயப்போடும்போதும் முற்றம் கூட்டும்போதும் ஹவ்வா உம்மாவின் கண் அந்த இடத்துக்குத்தான் போகும். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

மூன்று வருட அளவு சேர்ந்ததும் கொழும்பில் ஒரு விதி எழுதினார்கள். வருடத்துக்குச் சராசரியாக இரண்டு மீற்றரும் அதற்கு மேலும் கடல் தின்ற இடத்துக்கு மட்டும் கல்லணை. கரையோ நீளம், கல்லோ கொஞ்சம், எங்கேயாவது ஒரு கோடு கீறத்தானே வேண்டும்? கீறியவர்களைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. முகம்மது தம்பி மூன்று வருடத்தையும் கூட்டிப் பிரித்துப் பார்த்தார். ஒரு மீற்றர் எண்பது வந்தது. சரியாக ஒரு சாண் குறைவு.

பள்ளிவாசல் தலைவர் ஜவுபர் ஹாஜியார் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில் இருந்து ஓதினவர்கள்.

"ஒரு சாண்தானே தம்பி. ஆரு வந்து பாக்கப்போறான்? மாரியில அலை ஏறி நிக்கக்குள்ள ஒருக்கா அளந்துட்டா ரெண்டைத் தாண்டிரும்."

"அலை அடங்கினாப் பொறகுதான் அளக்கச் சொல்லியிரிக்கி ஹாஜியார்."

"உன்ட மகள்ர கபுறும் அங்கதான் இரிக்கி. மறந்துட்டியா?"

"மறப்பனா ஹாஜியார்? நான் பொய் எழுதி நமக்குக் கல் வந்து, அதால அடுத்த ஊர்க் கரை போனா? அங்க அடங்கியிரிக்கிறதும் ஆரோ பெத்த புள்ளையள்தானே."

"நீ திருந்தவே மாட்டாய்" என்று ஹாஜியார் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார். குசினி வாசலில் நின்ற ஹவ்வா உம்மா வந்து ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முகம்மது தம்பி பேனாவை எடுத்து 1.80 என்று எழுதி, கீழே கையொப்பம் வைத்தார். அதை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வரும். அவர் செய்ததுதான் சரி என்று தெரிந்திருப்பதால் இன்னும் கூட வரும்.

தெற்கே அடுத்த கிராமத்தை அளந்தவர் றாஸிக். அங்கே கடல் தின்றது எங்கள் கரையை விடக் குறைவு. றாஸிக் இரண்டரை என்று எழுதினார். அவரையும் ஒரேயடியாக ஏச முடியாது. ஊர் கூடி வந்து வாசலில் நின்றால் யார்தான் மறுப்பார்? 2023இல் லொறி லொறியாகக் கருங்கல் வந்து றாஸிக்கின் ஊரில் இறங்கியது. அணை எங்கள் ஊர் எல்லை வரை வந்து, அங்கே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது ஸப்னா சொன்னபடிதான். அணையில் மோதிய கடல் அதன் முனையைச் சுற்றி வந்து எங்கள் கரையில் விழுந்தது. ஒரே மாரிக்காலத்தில் பதினொரு மீற்றர் போயிற்று. தென்னைகள் வேரோடு சரிந்தன. நட்ட கட்டைகளில் இரண்டைக் காணவில்லை.

ஸப்னா வந்து பார்த்துவிட்டு மணலில் குந்திவிட்டார். "றாஸிக் தந்த இலக்கம் பிழையெண்டு எனக்குத் தெரியும் காக்கா. மேலுக்கு எழுதியும் அனுப்பினன். தாள்ல எழுதியிரிக்கிற இலக்கத்துக்குத்தான் கல் எண்டுட்டாங்க. நீங்க ஒழுங்கா எழுதினதால..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டார்.

"நீங்க என்ன செய்வீங்க மகள்" என்று முகம்மது தம்பிதான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

கபுறுகளை உள்ளே தள்ளி மாற்றலாம், இப்படி ஒரு இக்கட்டில் மார்க்கம் இடம் கொடுக்கும் என்று மௌலவி சொன்னார். ஆனால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். முகம்மது தம்பி கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒரு மேசையில் மண்ணைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். இன்னொரு மேசையில் சுகாதார அறிக்கை. அடுத்ததில் ஆள் லீவு. அவசரம் என்பதற்கு ஆதாரம் கேட்ட ஒருவரின் முன்னால் ஐந்து வருடத்துத் தாளையும் எடுத்து வைத்தார். "மாஷா அல்லாஹ், வடிவா எழுதியிரிக்கீங்க" என்று பாராட்டி அனுப்பினாராம் அந்த மனிதர். பாராட்டைக் கொண்டுபோய் எங்கே புதைப்பது?

அடுத்த டிசம்பருக்குள் இன்னும் பத்து மீற்றர் போயிருந்தது. அந்த டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை, கொந்தளிக்கிற கடல். நாலாம் நாள் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஓடியபோது மையவாடியின் மதில் இல்லை. முன்னுக்கிருந்த இரண்டு வரிசையும் இல்லை. ஊர் ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெள்ளைத் துணியில் சேர்த்தார்கள். யாருடையது எது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் உள்ளுக்கு ஒரே குழியில் வைத்து, துஆ ஓதி மூடினார்கள். முகம்மது தம்பி ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, "இது என்ட புள்ளையா? இதா?" என்று கேட்டாராம். கூட நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஹவ்வா உம்மாவுக்கு நெஞ்சில் வருத்தம், இருதயக் கோளாறு. இரண்டு கிழமைக்கு முன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். "அவட காதுல போடாதீங்க" என்று ஊரிடம் கெஞ்சிவிட்டு, நனைந்த சாரத்தோடு வீட்டுக்கு வந்தார் முகம்மது தம்பி.

"புள்ள?"

"மதில்தான் போயிட்டு. புள்ள இரிக்கா. ஒம்பது மீற்றர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹவ்வா உம்மா.

அடுத்த மாதம் ஏழாம் திகதி எட்டரை என்றார். அதற்கடுத்த மாதம் ஏழே முக்கால். வாழ்நாளில் ஒரு இலக்கத்தைக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனிதர், வரும் வழியெல்லாம் யோசித்து யோசித்து, நம்பும்படியான இலக்கமாகத் தேடிக்கொண்டு வந்தார். மார்ச் மாதமும் வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தார். ஹவ்வா உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நின்றார்.

"இந்த மாசம் எவ்வளவு?"

"ஏழு மீற்றர். கொஞ்சம் கூட இரிக்கும்."

"நான் பாத்துட்டன்" என்றார் ஹவ்வா உம்மா. "மதில் போன அண்டைக்கே பாத்துட்டன். நீங்க குளிச்சுட்டுப் படுத்தாப் பொறகு போனன். மதிலே இல்லாத இடத்துக்கு உள்ளென்ன, வெளியென்ன?"

முகம்மது தம்பி வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை இறக்கினார்.

"மூணு மாசமா எவ்வளவு வடிவாச் சொல்றீங்க. ஒம்பது எண்டீங்க, எட்டரை எண்டீங்க. நானும் ஓம் எண்டு கேட்டுட்டு இரிந்தன்." ஹவ்வா உம்மா சத்தம் போடவில்லை, அழவுமில்லை. "இந்தப் பொய்ய அண்டைக்கு அந்தத் தாள்ல எழுதியிரிக்கலாமே? ஒரு சாண்தானே கேட்டாங்க. என்ட புள்ளைக்காக ஒரு சாண் பொய் சொல்ல உங்களுக்கு ஏலாமப் போச்சே."

ஹவ்வா உம்மா பாதி குடித்த கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். முகம்மது தம்பி இப்போதும் மாதாமாதம் போய் அளந்து எழுதுகிறார். வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.