சுகுமாறன் சொன்னது

ஹாலில் கண்ணாடித் தம்ளரில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது. விருந்தாளி வந்தால்தான் அம்மா கண்ணாடித் தம்ளரை எடுப்பார். உள்ளறையில் வெள்ளைப் பலகை முன் நின்றிருந்த வாணியின் கை ஒரு கணம் நின்றது. பூ வைக்க நாள் குறித்துக்கொண்டு இன்று வருவதாக மாப்பிள்ளை சுகுமாறன் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

வாணிக்கு நாற்பத்தொரு வயது. ரயில்வேயில் இருந்த அப்பா இறந்தபின், கிள்ளான் ஊரை விட்டு அம்மாவோடு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்து, டியூஷன் எடுத்தே குடும்பத்தை ஓட்டியவள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவும் தன்னோடுதான் இருப்பார் என்பாள். வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சுகுமாறன் மட்டும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் அவள் பட்டுப்புடவைக் கடைப் பக்கம் போக ஆரம்பித்தாள்.

மாணவர்கள் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது அன்றைய பாடம்.

"எங்க பாஸ் சொன்னத அப்படியே சொன்னா நீங்க காதப் பொத்திக்குவீங்க டீச்சர்," என்றான் உணவகத்தில் வேலை செய்யும் செல்வகுமார்.

"கெட்ட வார்த்தைய விட்டுட்டு விஷயத்த மட்டும் சொல்லுங்க."

"அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது டீச்சர்."

வகுப்பு சிரித்தது. வாணி அவர்களை எழுதச் சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

சுகுமாறனின் தங்கை தனலெட்சுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டும் இல்லை, பூவும் இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"ஜாதகம் பொருந்தலையாம்லா அக்கா. அண்ணனுக்கு ரொம்ப வருத்தம்."

"தைப்பூசத்துக்கு முன்னாடியே பார்த்தாச்சே. பொருத்தம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னொரு எடத்துல பார்த்தாங்க."

"உங்க அண்ணன் வாயால என்ன சொன்னாரு?"

தனலெட்சுமி குனிந்து தேநீரைப் பார்த்தாள். பெண் வேண்டாமென்றால் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு எழுந்துவிடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கேட்பவர்களும் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். வாணியால் முடியவில்லை. கைப்பேசியில் சுகுமாறனை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"தனம் சொல்லிட்டாளா?" என்றான் சுகுமாறன்.

"அவங்க சொன்னாங்க. நீங்க சொல்லுங்க."

லாரிகளின் இரைச்சல் கேட்டது. பெட்டாலிங் ஜெயாவில் தான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் நிற்கிறான் போலும்.

"உங்கம்மாவும் கூட வரணும்னா என்னால முடியாது, வாணி. நீங்க மட்டும்னா நாளைக்கே வரேன்."

அம்மா சட்டென்று முந்தானையை எடுத்தார். "நான் வாணியோட சித்தப்பா வீட்டுல இருந்துக்குறேன் தம்பி. நீங்க வாங்க."

வாணி அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"அம்மா யார் வீட்டுக்கும் போகமாட்டாங்க. நீங்க வரவேணாம்," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மனசு நோகக்கூடாதுன்னுதான் அக்கா அப்படிச் சொன்னேன்."

"தெரியும்மா. டீ ஆறுது, குடிங்க."

பாதி குடித்துவிட்டு அவள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். வாணி இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினாள். பிறகு மரக்கதவையும் சாத்திவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள்.