வெள்ளை ஹெல்மெட் போட்டவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்குக் கட்டடம் கட்டித்தான் பழக்கம், கதை கட்டி இல்லை. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

பேய் என்றதும் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது பகல் பதினொன்றரை மணிக்கு. மழை மேகம் மூடியிருந்ததால் வெளிச்சம் கொஞ்சம் மட்டு. அவ்வளவுதான்.

எனக்குச் சென்டரிங் வேலை. கான்கிரீட் போடுமுன் பலகை அடிப்பது, இறுகியபின் பலகையைப் பிரிப்பது. எங்கே போனாலும் என்னோடு என் தங்கை வீட்டுக்காரனும் வருவான். மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பன். கடைக்குட்டி இன்னும் நடக்கவில்லை. வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

மழையால் ஒரு வாரமாக வேலை நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி போன் செய்தார். கட்டடத்தின் பின்பக்கம் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் இருக்கும் பலகைகளைப் பிரித்துவிட வேண்டும். நாங்கள் இருவரும் போனோம். முன்கேட்டில் வாட்ச்மேன். வேறு ஈ காக்கை இல்லை.

தொட்டியின் வாய், ஒரு ஆள் நுழையும் அளவுதான். அதைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். தகரத்தின் மேல் ஒருவன் குந்தியிருந்தான்.

தலையில் கவிழ்த்த சிமென்ட் சாக்கு. சடை பிடித்த தாடி. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. காலில் புண், புண்ணில் ஈ. கிட்டே போனாலே சாராய நெடி. கையில் ஒரு துண்டுக் கம்பி.

பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன். கம்பி திருட வந்தவன்.

“மகாராஜா, சபை கலைஞ்சிருச்சு. கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?” என்றான் மாப்பிள்ளை.

“திறக்காத.”

“ஏன், உங்க சொத்து எதுவும் உள்ள இருக்கா?”

“உள்ள கூப்பிடுறான். போகாத.”

“மச்சான், ஐயா விடியும்போதே ஏத்திட்டாரு போல!”

இருவரும் சிரித்தோம். அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக்... மழைத்தண்ணீரில் மிதக்கும் பலகை சுவரில் இடிக்கிறது என்று நினைத்தேன்.

“என்ன பிரச்சினை?”

பின்னால் ஒரு குரல். தூண் ஓரமாக ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை ஹெல்மெட்.

எங்கள் வேலையில் ஹெல்மெட் நிறம்தான் ஆளின் முகம். எங்களுக்கு மஞ்சள். வெள்ளை என்றால் இன்ஜினியர். இவரை நான் பார்த்ததில்லை. தலைமை ஆபீசிலிருந்து யாராவது பார்வையிட வருவது வழக்கம்தான். மடிப்புக் கலையாத நீலச் சட்டை. மழித்த முகம். சுற்றிலும் முழங்கால் சேறு, அவர் ஷூவிலோ பொட்டுச் சேறு இல்லை.

“பெரிய இடத்து ஆளு மச்சான்,” என்று முணுமுணுத்தான் மாப்பிள்ளை.

“இவன் எழுந்திரிக்க மாட்டேங்கிறான் சார்,” என்றேன்.

சாக்குக்காரன் என் முகத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யாருகிட்டடா பேசுற?”

குடிகாரன் கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

மூடிக் கிடந்த தொட்டியில் காற்று கெட்டுப்போயிருக்கும். இறங்கினவன் மயங்கி விழுந்து அப்படியே போய்விடுவான். அதனால் முதலில் ஒரு டப்பாவில் மெழுகுவத்தி ஏற்றி உள்ளே இறக்குவோம். அணைந்துபோனால் இறங்கமாட்டோம். நான் டப்பாவை எடுத்தேன்.

“அது வேண்டாம். நான் உள்ள இருந்து பாத்துட்டுத்தான் வந்தேன். காத்து இருக்கு. இறங்குங்க,” என்றார் அவர்.

வெள்ளை ஹெல்மெட் சொன்னால் சொன்னதுதான். டப்பாவைக் கீழே வைத்தேன். சாக்குக்காரனின் கையை முறுக்கி இழுத்தேன். தோளில் ‘மடக்’ என்று கேட்டது. மணல் குவியலில் தள்ளினேன். தகரத்தை நகர்த்தினோம்.

இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்டுவது வழக்கம். மாப்பிள்ளை இறங்கினான், மறுமுனை என் கையில். இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளே இருப்பவன் வாயை மூடக்கூடாது. பேச்சு நின்றால் ஆபத்து என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

“மச்சான், உங்க தங்கச்சி போடுற சத்தத்துக்கு இந்த இடம் எவ்வளவோ தேவலை. என்னா அமைதி!”

மழை பிடித்துக்கொண்டது. கனமான மழை. “சார், மழை படாம ஒதுங்கி நில்லுங்க,” என்று திரும்பினேன்.

அவர் அதே இடத்தில் நின்றார்.

சட்டை நனையவில்லை.

சேற்றில் எங்கள் கால்தடங்கள் இருந்தன. தூண்வரை போன தடம்... ஒன்றுகூட இல்லை.

“மாப்ள, மேல வா.”

“மச்சான்...” அவன் குரல் குழறியது. “சார் எப்ப உள்ள வந்தாரு?”

“என்னடா சொல்ற?”

“இங்கதான் நிக்கிறாரு... ஏதோ கேக்குறாரு...”

திரும்பிப் பார்த்தேன். தூண் மட்டும் இருந்தது.

“மாப்ள!”

பதில் இல்லை.

“டேய்!”

டொக்... டொக்...

கயிற்றை இழுத்தேன். வரவில்லை. அவனைத் தோளில் தூக்கிப் பழக்கம் எனக்கு. அவன் எடை தெரியும். இது அவன் எடை இல்லை. இரண்டு ஆள் எடை.

இழுத்தேன்.

கீழிருந்தும் இழுத்தார்கள்.

கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு இறங்கியது. கால் வழுக்கியது. தொட்டி வாய்க்கு ஒரு சாண் தூரம்... அரைச் சாண்...

அப்போது என் பின்னாலிருந்து ஒரு கை கயிற்றைப் பிடித்தது. சாராய நெடி. சாக்குக்காரன்! ஒரு கை தொங்கியது. மறு கையாலும் பல்லாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்து படுத்தான். இருவரும் இழுத்தோம்.

திடீரென்று பாரம் விட்டது.

மாப்பிள்ளையின் தலை மேலே வந்தது. உதடு நீலம். கண் மேலே செருகியிருந்தது. மூச்சு... இருந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தீயணைப்பு ஆட்கள் வந்து தொட்டிக்குள் காற்றைச் செலுத்திவிட்டு இறங்கினார்கள். உள்ளே ஒரு பிணம் கிடந்தது. வெள்ளை ஹெல்மெட். தலைமை ஆபீஸ் இன்ஜினியர். முந்தைய திங்கட்கிழமை பார்வையிட வந்தவர். தொட்டிக்குள் ஏணி சறுக்கி, கால் முறிந்து விழுந்திருக்கிறார். ஆபீஸ் போய்விட்டார் என்று இங்கே நினைத்தார்கள். இங்கேயே தங்கிவிட்டார் என்று அங்கே நினைத்தார்கள். மழை வலுத்ததும் வாட்ச்மேன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் தகரத்தை மூடியிருக்கிறான்.

அவர் உடனே சாகவில்லை. அதுதான் கொடுமை. தண்ணீர் வருவதற்காக, தரைக்கு மேலே தெரியும் வெளிச்சுவரில் விட்டிருந்த குழாய்த் துளையில் வாயை வைத்து மூன்று நாள் மூச்சு விட்டிருக்கிறார். கத்தியிருக்கிறார். சுவரைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் எலும்பு தெரிந்ததாம். அந்தத் துளைக்கு வெளியேதான் சாக்குக்காரன் மழைக்கு ஒதுங்கிப் படுப்பவன். கேட்டிருக்கிறான். வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். ஒரு முறை இல்லை, தினமும்.

வாட்ச்மேனிடம் கேட்டேன், ஏன்யா போய்ப் பார்க்கவில்லை என்று.

“அவன் மூஞ்சியப் பாத்தா நம்புற மாதிரியா இருக்கு?” என்றான். “தடியால நாலு போட்டு விரட்டிட்டேன்.”

கம்பி திருட வந்தவன் என்று நானும் அந்த மூஞ்சியைப் பார்த்துத்தானே முடிவு செய்தேன்.

மாப்பிள்ளைக்கு எட்டு நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கையை வெளியே போகச் சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்று இருந்தது.

“சார் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு மச்சான்.”

“என்ன?”

“‘மூணு நாளா கத்தினேன். மேல கயிறு பிடிச்சு நிக்கிறானே, கேட்டும் வராதவன் அவன்தானா?’ன்னு கேட்டாரு.”

“நீ என்னடா சொன்ன?”

“எனக்கு மூச்சு முட்டுச்சு. வாயே வரல. தலைய ஆட்டினேன்...”

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமான்னு ஆட்டினேனா, இல்லன்னு ஆட்டினேனா... ஞாபகம் வரமாட்டேங்குது மச்சான்.”